எண்ணெயில் மூழ்கிய கம்ப்யூட்டர்

அக்கா,

இன்று காலை பூப்பாறை வளைவில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் பழைய டிரான்ஸ்பார்மரைக் கழற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் எண்ணெய் சிந்தி, மழைத் தண்ணீரின் மேல் படலமாக மிதந்துகொண்டிருந்தது. அந்த வாடை பட்டதும் என் கால் நின்றுவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். லைன்மேன் ஒருவர் ஏணியில் நின்றபடியே, "எந்தா சேச்சி, தல சுத்துதா?" என்று கேட்டார்.

"இல்ல. இந்த எண்ணெ வாடதான்."

"இதுக்கு அப்படியொண்ணும் வாட இல்லியே" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரி. மற்றவர்களுக்கு அது வாடை இல்லாத எண்ணெய். எனக்கு அது உன் ரத்தத்தோடு சேர்ந்து என் வீட்டுத் தரையில் ஓடிய எண்ணெய். சேலையில் ஊறி, தலைமுடியில் ஊறி, எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத எண்ணெய்.

தீர்ப்பு வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்து போயிருக்கிறேன். இன்று அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உன்னை முதலில் பார்த்த நாளிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது.

பூப்பாறைக் கடைவீதியில், ஏலக்காய் வாங்குகிற கடைக்கு மேல் மாடியில் உன் ரிப்பேர் கடை. சாந்தன்பாறையிலிருந்து கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, ஜீப்பில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். நீ சால்டரிங் கம்பியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாய்.

"வாங்க. என்ன கோளாறுங்க?"

"சத்தம்."

"ஓடறதில்லீங்களா?"

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது. சத்தம் மட்டும் வரக்கூடாது. கொஞ்சங்கூட வரக்கூடாது."

உனக்குச் சிரிப்பு வந்தது. "உள்ளுக்குள்ள காத்தாடி சுத்துதுங்க. சுத்துனா சத்தம் வரத்தான செய்யும்? காத்தாடியக் கழட்டிப் போட்டா சூடாகி நின்னு போயிருமுங்க" என்றாய். நான் போர்வையை அவிழ்க்கத் திரும்பினேன். என் இடது காதில் அடைத்திருந்த பஞ்சையும் அதில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தாய். உன் சிரிப்பு நின்றது. கம்பியை ஓரமாக வைத்துவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாய்.

அன்று நான் பாதிதான் சொன்னேன். கதைகளை வாசித்துப் பதிவு செய்து, திருத்தி, சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்புகிற வேலை எனக்கு. பின்னால் இரைச்சல் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைச் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரன் வட்டவடையிலிருந்து காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் தேனி மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன். முற்பகலில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். அவன் தூங்குகிற நேரத்தில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளைத் திருத்துவேன். கம்ப்யூட்டரின் காற்றாடி இரைந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் அவன் எழுந்து வந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று, ஹெட்போன் மாட்டியிருந்த காதின் மேலேயே ஓங்கி அறைந்தான். காற்று மொத்தமும் காதுக்குள் இறங்கியது. உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு வலி. திரும்பிப் பார்த்தேன். அவன் வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கன்னத்தில் சூடாக ஏதோ வழிந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

அவன் என்று எழுதுகிறேன், பார். அப்போதெல்லாம் உன்னிடம்கூட 'அவுக' என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு 'அவுக'வுக்கும் நீ முகத்தைச் சுளிப்பாய்.

சத்தத்தை நிறுத்த நாம் முதலில் செய்தது துணி அலமாரி வேலை. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு நீ கடையைப் பூட்டிவிட்டு வந்தாய். அலமாரியின் உள்பக்கம் முழுக்க முட்டை அட்டையும் கிழிந்த மெத்தைப் பஞ்சும் ஒட்டி, கம்ப்யூட்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். இரைச்சல் அடங்கியது. ஆனால் மறுநாளே உள்ளே சூடு ஏறி, காற்றாடி முன்னைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கியது. பதறிப்போய் அலமாரியைத் திறந்தேன். அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. காற்றாடி அலறியது.

அவன் எழுந்து வந்தான். மானிட்டர் வயரைப் பிடுங்கி, இரண்டாக மடித்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். "ஏட்டி, தூங்கவிட மாட்டியா? செத்த மூதி, மனுசன் ராப்பூரா கண்ணு முழிச்சு வண்டி ஓட்டிட்டு வாரேன். நீ இங்க பேயோட்டிக்கிட்டா இருக்க?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி விழுந்தது. வயரின் நுனியில் இருந்த இரும்பு முனை முதுகில் விழுந்த இடமெல்லாம் சதை பிய்ந்தது. கத்தினால் இன்னும் கோபம் வரும் என்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

அடுத்த தடவை உன் கடைக்கு வந்தபோது ஸ்டூலில் சாய்ந்து உட்கார முடியவில்லை. நீ என் ரவிக்கையின் பின்பக்கத்தை விரலால் விலக்கிப் பார்த்தாய்.

"இது வயருங்களா?"

"ஆமாக்கா. மானிட்டர் வயரு."

நீ மேசைமேல் கிடந்த வயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருட்டினாய். ஒரு பெட்டிக்குள் போட்டு மூடி, அதன்மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். பயந்துவிட்டாய் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு நீ பேசியதெல்லாம் மெஷினைப் பற்றித்தான். "சூட்ட ஊட்டுக்கு வெளியில தள்ளோணுமுங்க. எங்கூர்ல சித்திர வெயில்ல தகரத்தத் தொட்டா கை வெந்துரும். அங்க இதெல்லாம் முடியாது. உங்கூர்ல வெளிய இத்தன குளுரு சும்மாதான கெடக்குது?" உன் ஊர் கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுப் பெண் நீ. கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு வெளியேறினாய். அண்ணன் படியேறக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு பையோடு மலையேறி வந்தாய். அதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விறகுக் கொட்டகை என் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருந்தது. உளியும் சுத்தியலும் வைத்துச் சுவரில் ஓட்டை போட்டு, கம்ப்யூட்டரைக் கொட்டகைக்குத் தள்ளி, வயர்களை மட்டும் உள்ளே கொண்டுவந்தாய். சில நாள் நன்றாக ஓடியது. ஆனால் மலையில் கோடமஞ்சுப் பனி இறங்கினால் கொட்டகைக்குள்ளும் வந்துவிடுகிறது. ஒருநாள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஈரம் கோத்திருந்தது. எறும்புகள் குடியேறியிருந்தன. சூட்டுக்காக ஒட்டிக்கொண்ட ஒரு அட்டைப்பூச்சி சுருண்டு செத்துக் கிடந்தது. அன்றே பொறி பறந்து நின்றுபோனது.

அதைவிட, அவன் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டான்.

"வீட்டுச் சுவத்தையா இடிச்ச? எவனுக்குடி வழி வச்ச?" என்றான். என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஓட்டையில் வைத்து அழுத்தினான். "போ. இது வழியாவே வெளிய போ." தலை அந்த ஓட்டைக்குள் நுழையாது என்று அவனுக்குத் தெரியும். செங்கல் விளிம்பில் நெற்றியும் மூக்கும் உரசித் தோல் போயிற்று. அந்தப் பக்கம் விறகுக்கு நடுவில் கிடந்த கம்ப்யூட்டர்தான் தெரிந்தது. மூச்சு முட்டிக் கையால் சுவரை அடித்தேன். எதிர் வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிற சத்தம் நல்ல காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறுமையா இரு மகளே, ஜெபம் பண்ணு" என்றார்.

நீ ஜெபம் பண்ணச் சொல்லவில்லை. மருந்து தடவிக்கொண்டே கேட்டாய்.

"மெஷின் ஓடாத நாள்ல உங்கள அடிக்கறதில்லீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். குழம்பில் உப்பு, காணாமல் போன சாவி, நான் சிரித்தது, சிரிக்காமல் இருந்தது, எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனாலும், "சத்தம் இல்லன்னா அவுக நல்லவுகதான்க்கா. தூக்கமில்லாத கோவம்" என்றேன்.

நீ சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாய். கெண்டைக்காலில் தோல் சுருங்கி வெளுத்துக் கிடந்தது.

"கஞ்சி சூடா இருக்குதுன்னு சொல்லி என்னயக் கட்டுனவன் என்ற கால்லயே ஊத்துனானுங்க. மறுநாள் ஆற வெச்சுக் குடுத்தேன். ஆறிப்போச்சுன்னு அடிச்சான்."

அந்தத் தழும்பை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இங்க வந்துருங்க சாமி. இந்த மாடியே நமக்குப் போதும்."

"முதல்ல சத்தத்த நிறுத்திப் பாப்போம்க்கா. அதுக்கப்புறமும் அடிச்சாகன்னா வந்துருதேன்."

"செரி. நான் நிறுத்திக் காட்டறேன். அப்பறம் நீங்க பேச்சு மாறக்கூடாது."

உனக்கு அந்த மெஷின் மேல் அத்தனை பிடிவாதம் ஏன் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. என்னை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர உனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னிடம் இருந்த ஒரே காரணத்தை எடுத்துவிட நினைத்தாய்.

மலையில் எல்லா வீட்டுக்கும் மேலேயுள்ள ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் குழாயில் தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது, மோட்டார் இல்லாமல். அதை வைத்தே நீ அடுத்ததைச் செய்தாய். செம்புத் தகட்டில் செம்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்து, அதை, நீ பழுது பார்த்து ஓடவைத்த கம்ப்யூட்டரின் சூடான பாகத்தின்மேல் அழுத்திப் பொருத்தி, ஊற்றுத் தண்ணீரை அது வழியாக ஓடவிட்டாய். காற்றாடியே வேண்டியிருக்கவில்லை. நாம் இருவரும் கைதட்டினோம். மார்கழிக் குளிர் வந்தபோது தண்ணீர் ஐஸ் மாதிரிச் சில்லிட்டு, குழாயின்மேல் வியர்த்து, அந்த வியர்வை சொட்டி போர்டு கருகியது. அதற்கு நீ திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கடைசியாகத்தான் எண்ணெய். டிரான்ஸ்பார்மரில் ஊற்றுகிற எண்ணெயில் கரண்ட் பாயாது, சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் என்று சொன்னாய். கரண்ட் வேலை எடுத்துச் செய்கிற ஒருவரிடம் புது எண்ணெய் கேன் கேனாக வாங்கி வந்தாய். யாரோ வேண்டாமென்று போட்ட மீன் தொட்டி ஒன்று கிடைத்தது. புதிதாக வாங்கிய போர்டை அப்படியே எண்ணெயில் முக்கினாய். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. செம்புக் குழாயைச் சுருளாக்கி எண்ணெய்க்குள் இறக்கி, அதில் ஊற்றுத் தண்ணீரை விட்டாய். ஹார்டு டிஸ்க்கை மட்டும் எண்ணெயில் விடக்கூடாது என்று சைக்கிள் டியூபை வெட்டி, தொட்டிக்கு மேலே ஊஞ்சல் மாதிரி கட்டித் தொங்கவிட்டாய். அது அதிர்கிற சத்தத்தையும் ரப்பர் வாங்கிக்கொண்டது. வயர் வழியாக எண்ணெய் மெல்ல மேலே ஏறி மேசையில் சொட்டியது. அதற்கும் ஒரு துணியைச் சுற்றினாய்.

சுவிட்சைப் போட்டோம். திரை வெளிச்சம் வந்தது. எனக்கு ஒரு காதுதான் என்பதால் என்னை நம்ப முடியவில்லை.

"கேக்குதாக்கா?"

நீ தொட்டியின் கண்ணாடியில் காதை வைத்தாய். பிறகு மேசைக்கடியில் குனிந்து கேட்டாய். பிறகு கதவுக்கு வெளியே போய் நின்று கேட்டாய். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லீங்க" என்றாய். அந்த ஒரு சொல்லுக்கு நான் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். நீ என் முதுகைத் தட்டினாய். ஆனால் நீ அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

மறுநாள் மதியம் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது. அவன் காலையில் வராததால், அடுத்த லோடுக்கும் நேராகப் போய்விட்டான் என்று நினைத்து உன்னை வரச் சொன்னேன். ஓஸ் முனையில் தண்ணீர் கசிகிறது என்று நீ பின்பக்கம் போய் பைப் ரெஞ்சால் முறுக்கிக்கொண்டிருந்தாய். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசையில் இருந்தேன். அவன் வண்டியைக் கீழே விட்டுவிட்டு நடந்தே ஏறி வந்திருக்கிறான். முதுகுக்குப் பின்னால் ஈரச் சட்டை வாடை வந்த பிறகுதான் திரும்பினேன்.

எனக்குப் பயம் வரவில்லை, அக்கா. சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து நின்று, "பாருங்க, சத்தமே இல்ல. இனிமே நீங்க நல்லாத் தூங்கலாம்" என்றேன்.

அவன் தொட்டியைப் பார்த்தான். எண்ணெய்க்குள் கிடந்த போர்டைப் பார்த்தான். ஊஞ்சலாடிய டிஸ்க்கைப் பார்த்தான். பிறகு என்னை.

"சத்தமில்லாம என்னத்தட்டி செய்யுத?"

"கதைதான்..."

"எனக்குக் கேக்கக்கூடாதுன்னு என்னத்த ஒளிச்சுச் செய்யுத? எவன்கிட்ட பேசுத?"

வாசல் பக்கம் மாட்டியிருந்த, விறகு வெட்டுகிற வாக்கத்தியை எடுத்தான். முதல் வீச்சு தொட்டியில் விழுந்தது. கண்ணாடி வெடித்தது. எண்ணெய் மொத்தமும் மேசையிலிருந்து என் மேல் கொட்டித் தரையில் பரவியது. ஓடப் பார்த்தேன்; கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். கண்ணாடித் துண்டு முழங்காலில் இறங்கியது. அவன் என் தலைமாட்டில் வந்து நின்றான். கத்தி மேலே போனது.

அப்போதுதான் நான் கத்தினேன். அத்தனை வருடத்தில் முதல் தடவை.

நீ கொல்லைப்புறம் இருந்தாய். பின்னாலேயே ஏலக்காட்டுக்குள் இறங்கி ஓடியிருக்கலாம். ஆளைக் கூட்டி வரப் போகிறேன் என்று போயிருக்கலாம்; யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீ பின்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய். அவன் கையை மணிக்கட்டில் பிடித்தாய். இருவரும் எண்ணெயில் சறுக்கிச் சுவரில் மோதினீர்கள். ரெஞ்சை அவன் முழங்காலில் இறக்கினாய். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவன் விழுந்த இடத்திலிருந்தே வீசினான். நீ முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாய். கத்தி முன்கையில் எலும்புவரை இறங்கியது. அவன் உருவி மறுபடி வீசினான். அது உன் தோளும் கழுத்தும் சேர்கிற இடத்தில் விழுந்தது.

"ஓடு சாமி!" என்றாய்.

நான் ஓடவில்லை. உட்கார்ந்திருந்த மர ஸ்டூலைத் தூக்கி அவன் தலையில் அடித்தேன். அவன் கை தளரும்வரை அடித்தேன். கத்தி கீழே விழுந்ததும் அதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு உன்னிடம் வந்தேன். எண்ணெயில் ரத்தம் கலக்காமல் திட்டுத் திட்டாக நின்றது. உன்னைத் தூக்க முடியவில்லை, கை வழுக்கியது. சேலையை அவிழ்த்து உன் அக்குளுக்கடியில் கொடுத்து, பாவாடையோடு மழையில் ரோடுவரை இழுத்துக்கொண்டு போனேன். எதிர் வீட்டு ஜன்னல் அப்போதுதான் திறந்தது.

வழியில் வந்த ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய ஆசுபத்திரியில் முதல் சில நாள் நீ தெளிவாகத்தான் இருந்தாய். பிறகு காயத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, விரல்கள் கறுக்கத் தொடங்கின. கையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். விஷம் அதற்குள் உடம்பில் ஏறியிருந்தது. அவனைப் பிடித்து வைத்திருந்த போலீஸ் உன்னிடம் வாக்குமூலம் எடுக்க வந்தபோது எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாய். அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்தாய்.

"சத்தத்த நிறுத்திக் காட்டுனனா இல்லையா?"

"நிறுத்துனீங்க."

"அப்பறம் எதுக்கு அடிச்சான்?"

உன் போர்வையைச் சரிசெய்தேன். "நீ பேசாத. தூங்கு" என்றேன்.

உன் உதடு வெடித்திருந்தது. இருந்தும் சிரித்தாய். "இப்பத்தான் 'நீ'ங்கற. இதுக்கு ஒரு கை குடுக்கோணுமாக்கும்" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியதில் பாதி உன் ஊர்க் கிணற்றைப் பற்றியும் யாரோ ஒரு எருமையைப் பற்றியும் இருந்தது. இரண்டு வாரம் தாண்டவில்லை.

உன் ஊரில் எரித்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. பனைமரங்கள் உரசிக்கொண்டிருந்தன. உன் அண்ணன் என்னை வாசலில் நிறுத்தினார். பெரிய உடம்பு, கண் சிவந்து கிடந்தது.

"ஏனுங்க, என்ற தங்கச்சி உங்கூட்டுக்கு எதுக்கு வந்தா?"

"கம்ப்யூட்டர் சத்தத்த நிறுத்த வந்தாங்க."

அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் கேட்டார். நான் திரும்பவும் அதையே சொன்னேன்.

"அதுக்கா?" என்றார். "அதுக்கா செத்தா?" பக்கத்திலிருந்த தூணில் கையை முஷ்டியாக்கிக் குத்தினார். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தும் நிறுத்தவில்லை. ஆட்கள் வந்து பிடித்து இழுத்துப் போனார்கள். நான் சொன்ன பதில் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

சரியான பதில் கோர்ட்டில்தான் கிடைத்தது. அவன் கூண்டில் நின்றான். முழங்கால் மடங்கவில்லை. நெற்றியில் ஸ்டூல் பட்ட தழும்பு. அவனுடைய வக்கீல் நல்ல மலையாளத்தில் கேட்டார். ராத்திரியெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டுகிற மனிதன், மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டவன், அன்றைக்கும் அந்த மெஷினின் இரைச்சல் பொறுக்க முடியாமல் நிதானம் தவறிவிட்டான், அப்படித்தானே?

நான் தமிழில் சொன்னேன். "இரைச்சல் இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல. அக்கா அத நிறுத்தியிருந்தாங்க. அன்னைக்கு வீட்ல சத்தமே இல்ல."

அவர் காகிதத்தைப் பார்த்தார், கட்சிக்காரனைப் பார்த்தார். "அப்படியென்றால் அவர் எதற்காக இதைச் செய்தார்?"

"அத அவன்கிட்ட கேளுங்க. இத்தன வருசமும் அவனுக்காகக் காரணம் தேடிக் குடுத்தது நான்தான். இனிமே தேட மாட்டேன்."

'அவன்' என்று நான் எல்லார் முன்னாலும் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று உன் அண்ணன் கோர்ட் வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "அன்னிக்கு 'அதுக்கா'ன்னு கேட்டுட்டனுங்க. அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "நாந்தான் படியேறாதன்னு சொன்னேன். எங்கூட்டுக் கதவு தொறந்திருந்தா அவ மலைக்கே வந்திருக்க மாட்டா." நீ வந்திருக்காவிட்டால் இன்று நான் இல்லை. அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? இருவரும் எதிர்க்கடையில் நின்றுகொண்டே டீ குடித்தோம். அவர் பஸ் ஏறும்வரை நின்றேன்.

நான் இப்போது உன் மாடியில்தான் இருக்கிறேன். கதை வாசிக்கிறேன். ரிப்பேர் வேலை எனக்கு வரவில்லை. உன் சாமான்களை ராஜாக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டு வாங்கிப் போனாள். நன்றாகச் செய்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். சில நாள் நன்றாக இருக்கிறேன். சில நாள் கதவு பலமாகச் சாத்தினாலே உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது, வாய் உலர்ந்துவிடுகிறது. இது போகாது என்று டாக்டரம்மா சொன்னார், கூட வைத்துக்கொண்டு வாழப் பழகு என்றார்.

போன வாரம் ஒரு பகல், பின்தெருவில் ஒரு வீட்டில் பெண் ஒருத்தி கத்தினாள். எந்தப் பக்கமிருந்து என்று என் ஒற்றைக் காதுக்குத் தெரியவில்லை. செருப்புப் போடாமல் இறங்கி ஓடினேன். மூன்றாவது வீடு. வெளியே நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "குடும்ப விசயம், நமக்கெதுக்கு" என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். உதறினேன். உள்ளே பெல்ட் காற்றில் வீசுகிற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும், அக்கா. பின்னால் திரும்பிவிட ஒரு நொடி போதும்.

கதவைத் தட்டவில்லை. தோளால் தள்ளினேன். பயம் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. பயத்தோடுதான் உள்ளே போனேன்.